நான் உண்மையாய் இருக்கிறேனா? – வாசகர் கேள்விகளும் அக்காவின் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) என்பதால் இருக்கலாம், "நான் கர்த்தருக்கு உண்மையாய் இருக்கிறேனா, அதை எப்படித் தெரிந்துகொள்வது" என்று ஆளாளுக்கு ஒவ்வொரு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் வழக்கமான கலவையான கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். திருவிருந்து ஞாயிறு வந்தாலே எனக்குப் பயம். "அபாத்திரமாய்ப் புசிக்கிறவன்" (தகுதியில்லாமல் சாப்பிடுகிறவன்) என்று போதகர் ஐயர் வாசிக்கும்போது கை நடுங்குகிறது. கல்யாணமான புதிதில் ஜெபத்தில் கண்ணீர் தானாக வரும். இப்போது பிள்ளைகள் படிப்பு, மாமியாருக்கு மருந்து, வேலை என்று ஓடிவிட்டு ராத்திரி ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது. கொஞ்ச நாளாகத் திருவிருந்துக்கு எழுந்து போகாமல் பின் பெஞ்சிலேயே இருந்துவிடுகிறேன். நான் உண்மையான விசுவாசிதானா? – வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: தங்கச்சி, முதலில் அடுத்த திருவிருந்துக்கு எழுந்து போங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

நீங்கள் பயப்படும் அதே அதிகாரத்தில், அதற்கு ஒரு வசனம் தள்ளி, பவுல் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" (1 கொரி. 11:28). சோதித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போ என்று அவர் சொல்லவில்லை, பின் பெஞ்சில் உட்கார் என்றும் சொல்லவில்லை. சோதித்துவிட்டுப் புசி என்கிறார். கொரிந்து சபையில் நடந்த தப்பு என்ன என்பதையும் அவரே மேலே எழுதிவிட்டார்: அவனவன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான். வசதியுள்ளவர்கள் முதலில் வந்து வயிறு நிறையத் தின்று குடித்துவிட, கூலிக்காரர்களும் அடிமைகளும் வந்து சேரும்போது ஒன்றும் இல்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் இருப்பவனை அற்பமாக எண்ணியதைத்தான் அவர் அவ்வளவு கடுமையாகச் சொல்கிறார். ஜெபத்தில் கண்ணீர் வரவில்லை என்பது அந்த அதிகாரத்தில் எங்கேயும் பேச்சே இல்லை.

கண்ணீரை அளவுகோலாக வைத்திருக்கிறோமே, அதுதான் என் வருத்தம். ஆண்டவர் சீஷர்களோடு கடைசியாகப் பந்தியிருந்த அன்று மேல்வீட்டறையில் இருந்தவர்களில் அதிகமாக உணர்ச்சிவசப்பட்டவர் பேதுருதான். உம்மோடே மரிக்கவேண்டியதாயிருந்தாலும் உம்மை மறுதலிக்கமாட்டேன் என்றார், பொய்யாகவும் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அது அவருடைய மனதில் இருந்த உண்மைதான். அன்று ராத்திரியே, சேவல் கூவுவதற்குள், ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு முன்னால் எல்லாம் போய்விட்டது. ஆனால் பின்னால் கடற்கரையில் ஆண்டவர் அவரிடம், அன்று எவ்வளவு அழுதாய் என்று கேட்கவில்லை. என்னை நேசிக்கிறாயா என்று கேட்டார், கேட்ட கையோடு என் ஆடுகளை மேய்ப்பாயாக என்று ஒரு வேலையைக் கொடுத்தார்.

உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம் இருக்கிறது. மாமியாருக்கு மருந்து. தன் வீட்டாரை விசாரியாமற்போகிறவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (1 தீமோ. 5:8). மறுதலித்தல் என்கிற அவ்வளவு பெரிய வார்த்தையை அவர் கொண்டுபோய் வைக்கிற இடம் வீடு. அப்படியானால் தினமும் மறக்காமல் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்குத் தூக்கம் வருவது களைப்பினால். ராத்திரி ஜெபத்தைக் காலைக்கு மாற்றுங்கள், அல்லது பஸ்ஸில் போகும்போது ஜெபியுங்கள்.

அதற்காகச் சோதித்துப் பார்க்க ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. கொரிந்தியரிடம் கேட்ட அதே கேள்வியை உங்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சபையில் யாரைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள்? வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குச் சம்பளம் சொன்ன தேதியில் போகிறதா, அவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறீர்களா? அங்கே ஏதாவது இருந்தால் அதைச் சரிபண்ணிவிட்டு, நடுக்கமில்லாமல் போய்க் கை நீட்டுங்கள்.

கேள்வி: அக்கா, நான் ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லில் கணக்கு எழுதுகிறேன். கிழங்கு லோடு வந்தால் பாயிண்ட் பார்த்து ரேட் போடுவோம். 28 வந்தால் 26 என்று எழுதச் சொல்வார் முதலாளி, நானும் எழுதுகிறேன். எனக்கு அதில் ஒன்றும் பங்கு இல்லை, தீபாவளி போனஸ் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வரும். சபையில் நான் வாலிபர் சங்கச் செயலாளர். எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வேதமே சொல்கிறது. "நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தாலும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார்" என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறேன். – பெயர் வேண்டாம்

பதில்: வேறு மாவட்டத்து வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மரவள்ளிக் கிழங்கை மில்லில் எடைக்கு மட்டும் வாங்குவதில்லை. கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று சாம்பிள் எடுத்து அளந்து பார்த்து, அதைப் பாயிண்ட் என்று சொல்லி, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று டன்னுக்கு விலை போடுவார்கள். ஒரு பேச்சுக்கு ஒரு பாயிண்ட் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 2 பாயிண்ட் குறைத்து எழுதும்போது டன்னுக்கு 600 ரூபாய் போகிறது, 10 டன் லோடு என்றால் 6,000 ரூபாய். எட்டுப் பத்து மாதம் காட்டில் கிடந்து விளைந்த கிழங்கு, வெட்டிய கூலி, வண்டி வாடகை எல்லாம் கொடுத்துவிட்டு வந்து நிற்கிற விவசாயியிடமிருந்து, பேனாவால், ஒரே நிமிஷத்தில். அவரும் பதில் பேச முடியாது, கிழங்கை வெட்டிவிட்டால் காத்திருக்காது, மறுபடி ஏற்றிக்கொண்டு இன்னொரு மில்லுக்குப் போனால் வாடகை இரட்டிப்பு.

தம்பி, நீங்கள் கேட்டதால் நேராகவே சொல்கிறேன். இது திருட்டு. திருடுகிறவர் முதலாளி, எழுதுகிற கை உங்களுடையது. மரக்காலைக் குறைத்துக் கள்ளத்தராசினால் வஞ்சிக்கிறவர்களைப் பார்த்து ஆமோஸ் தீர்க்கதரிசி பேசியது (ஆமோ. 8:5) எந்த தேசத்துக்கோ எந்தக் காலத்துக்கோ என்று நினைத்தால், உங்கள் மில் வாசலில் நின்று இன்னொரு தடவை வாசியுங்கள்.

எஜமானுக்குக் கீழ்ப்படிவது பற்றிப் பவுல் எழுதிய இடத்தில் "கிறிஸ்துவின் ஊழியக்காரராக" என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார் (எபே. 6:6). அந்தக் கணக்குப் புத்தகத்துக்கு உங்களுக்கு மேலே முதலாளி, முதலாளிக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார். தானியேல் கதை இதற்கு நல்ல உதாரணம். சிங்கக் கெபியைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால், அவரைப் பிடிக்காதவர்கள் ராஜ்யத்தின் கணக்கு வழக்குகளில் ஏதாவது சிக்குமா என்று தேடிப் பார்த்தார்கள், ஒரு குற்றமும் கிடைக்கவில்லை (தானி. 6:4). ராஜாவுக்கு அவர் காட்டிய விசுவாசமே அதுதான். பொய்க் கணக்கு எழுதிக் கொடுப்பது முதலாளிக்கு விசுவாசமாய் இருப்பதில் சேராது, அவரையும் சேர்த்துக் கெடுப்பதில்தான் சேரும்.

ஆதி சபை உண்மையாயிருத்தல் என்று எதைப் புரிந்துகொண்டது என்பதற்கு வேதத்துக்கு வெளியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. கி.பி. 112 வாக்கில் பித்தினியா மாகாணத்தின் ரோம அதிபதி பிளினி, டிராஜன் பேரரசனுக்குக் கடிதம் எழுதினார், கிறிஸ்தவர்களை விசாரித்ததில் என்ன தெரிந்தது என்று. அவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவுக்குப் பாட்டுப் பாடுகிறார்களாம். பிறகு ஆணையிட்டுக்கொள்கிறார்களாம்: திருடுவதில்லை, கொள்ளையடிப்பதில்லை, விபசாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை, நம்பி ஒப்படைத்ததைத் திருப்பிக் கேட்டால் இல்லை என்று சொல்வதில்லை. கிறிஸ்தவர்களைத் தண்டித்த ஓர் அதிகாரி எழுதி வைத்தது இது. அவர்களுடைய பக்தியின் அடையாளமாக அவருக்குக் கிடைத்ததில் பாதி கொடுக்கல் வாங்கல் சம்பந்தப்பட்டது.

நீங்கள் தலையணையாக வைத்திருக்கும் அந்த வசனம் 2 தீமோத்தேயு 2:13. அதற்கு மேல் வரியை வாசித்தீர்களா? "நாம் அவரை மறுதலித்தால், அவரும் நம்மை மறுதலிப்பார்." இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவர் உண்மையுள்ளவர் என்பது விழுந்தவன் எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள வேண்டிய வசனம். நாளைக்கும் 26 எழுதப் போகிறவன் நிம்மதியாகத் தூங்க அது கொடுக்கப்படவில்லை. உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் ஆவியானவர் இன்னும் உங்களை விட்டுவிடவில்லை என்று அர்த்தம், அதற்காக ஸ்தோத்திரம்.

சரி, என்ன செய்வது? நாளைக்கே வேலையை விட்டுவிடுங்கள் என்று தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது, உங்களுக்குக் குடும்பம் இருக்கும், கடன் இருக்கும். ஆனால் அந்தப் பொய் எண்ணை எழுதுவதை நிறுத்துங்கள். முதலாளியைத் தனியாகப் பார்த்து, மற்றவர்கள் முன்னால் அவமானப்படுத்தாமல், "மெஷின் காட்டுவதை எழுதுகிறேன் ஐயா, வேறு எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன்" என்று சொல்லுங்கள். பேனாவை வேறொருவரிடம் கொடுப்பார், அல்லது திட்டுவார், அல்லது வேலையை விட்டு அனுப்புவார். மூன்றுக்கும் மனதைத் தயார்பண்ணிக்கொண்டு, போவதற்கு முன் போதகரிடமும் நம்பிக்கையான ஒரு மூப்பரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். இப்படி ஒரு தம்பிக்கு வேலை போனால் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது சபையின் பொறுப்பு, அங்கே சபையும் சேர்ந்துதான் சோதிக்கப்படுகிறது. இது முடியும் வரை செயலாளர் பொறுப்பிலிருந்து விலகி இருங்கள். அந்தக் கூடுதல் போனஸ் உங்கள் பணம் அல்ல. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய், அதாவது நாலு மடங்காய், திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். எந்தெந்த விவசாயி என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அவர்களில் ஒருவரிடமிருந்தாவது தொடங்குங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் நடந்த வாலிபர் முகாமுக்குப் போயிருந்தோம். கடைசி ராத்திரி முழு நேர ஊழியத்துக்கு என்னை ஒப்புக்கொடுத்து எழுந்து நின்றேன். மலையிலிருந்து இறங்கி வந்து செமஸ்டர் தொடங்கியதும் எல்லாம் போய்விட்டது, வேதத்தைத் திறந்தே ரொம்ப நாளாகிறது. கர்த்தரை ஏமாற்றிவிட்டேனா? – கல்லூரி மாணவி, சூரமங்கலம்

பதில்: ஏற்காட்டுக் காலை ஞாபகம் இருக்கிறதா மா? ஏரியும் தெரியாமல் எதிரே வருகிற ஆளும் தெரியாமல் மூடியிருக்கும், வெயில் ஏற ஏற ஒன்றும் இருக்காது. ஓசியா தீர்க்கதரிசி சரியாக அதைத்தான் சொன்னார்: "உங்கள் பக்தி காலையில் காணும் மேகத்தைப்போலவும், விடியற்காலையில் தோன்றும் பனியைப்போலவும் ஒழிந்துபோகிறது" (ஓசி. 6:4). அப்படிச் சொன்ன கர்த்தர் அதே மூச்சில் அவர்களைத் தள்ளிவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். எப்பிராயீமே, உனக்கு என்ன செய்வேன், யூதாவே, உனக்கு என்ன செய்வேன் என்று ஒரு தகப்பன் புலம்புவது போலத்தான் அந்த வசனம் ஆரம்பிக்கிறது. இரண்டு வசனம் தள்ளி, தனக்கு என்ன வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறார். பலி வேண்டாம், இரக்கம் வேண்டும், தேவனை அறிகிற அறிவு வேண்டும். ஆகவே முழு நேர ஊழியத்தை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கள். தினம் ஒரு அதிகாரம் வாசியுங்கள், மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்கினால் 16 அதிகாரம்தான். ஹாஸ்டலிலோ வகுப்பிலோ யாரும் பேசாமல் ஒதுக்கி வைத்திருக்கும் ஒருத்தி கண்டிப்பாக இருப்பாள், அவளோடு போய்ச் சாப்பிடுங்கள். இதைப் பரீட்சை வரைக்கும் விடாமல் செய்துவிட்டு எனக்கு எழுதுங்கள், ஊழியத்தைப் பற்றி அப்போது பேசலாம்.

முகாம் நடத்துகிற சகோதரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தூக்கமில்லாத மூன்றாம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்து, கீபோர்டை மெதுவாக வாசிக்கவிட்டு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் ஆயுசுக்கும் பொருத்தனை வாங்காதீர்கள். "நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" என்று பிரசங்கி எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளை பிறகு வருஷக்கணக்காகத் தன்னைத் துரோகி என்று நினைத்துக்கொண்டு கோயில் பக்கமே வராமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். காலையில், டிபன் சாப்பிட்ட பிறகு, வெளிச்சத்தில் கேளுங்கள். அப்போதும் எழுந்து நிற்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்திலிருந்து நாங்கள் சபையில் இருக்கிறோம். பள்ளியில் சேர்க்கும்போது அப்பா எனக்கு "இந்து – ஆதிதிராவிடர்" என்று சான்றிதழ் வாங்கினார். அதை வைத்துத்தான் படித்தேன், வேலையும் கிடைத்தது. கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் எல்லார் முன்னாலும், "காகிதத்தில் கர்த்தரை மறுதலித்தவன்" என்றார். நான் மறுதலித்தவனா அக்கா? – வாசகர், சேலம்

பதில்: இதை எழுத உங்களுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று தெரிகிறது. எனவே வழவழ என்று பதில் சொல்லப் போவதில்லை.

சபைக்கு இது புதுக் கேள்வியும் இல்லை. கி.பி. 250-ல் தேசியு என்கிற பேரரசன், எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். சிலர் இரத்தசாட்சியானார்கள், சிலர் பலியிட்டார்கள், சிலர் பலியிடாமலேயே பணம் கொடுத்து அந்தக் காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். உபத்திரவம் அடங்கினதும் இவர்களை என்ன செய்வது என்று பெரிய சண்டை. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் சபையின் கண்காணி (பிஷப்) சிப்பிரியான் 251-ல் மற்ற கண்காணிகளோடு கூடி, காகிதம் மட்டும் வாங்கினவர்களையும் பலியிட்டவர்களையும் ஒன்றாக நடத்தக் கூடாது, ஒவ்வொருவருடைய நிலைமையையும் தனித்தனியாக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார். கதவை மூடவும் இல்லை, ஒன்றுமே நடக்காதது போல விட்டுவிடவும் இல்லை.

உங்கள் நிலைமை அதுவும் இல்லை. உங்களை எந்தச் சிலைக்கு முன்னாலும் யாரும் நிறுத்தவில்லை. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருப்பவர்தான் பட்டியல் சாதியில் சேர முடியும் என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்னும் வெளியேதான். கிறிஸ்துவிடம் வந்ததால் ஊரில் தெரு மாறிவிட்டதா, டீக்கடையில் பார்வை மாறிவிட்டதா? மாறாத சாதியைத் தலையில் சுமக்க வேண்டும், உதவியை மட்டும் இழக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இது அநியாயம் என்று 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது. இந்த நெருக்கடியில் ஒரு தகப்பன் பிள்ளையின் படிப்புக்காகச் செய்ததை, நான் மறுதலிப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஆனாலும் உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக, அதில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் யாரைத் தொழுகிறீர்கள் என்பது பற்றி அந்தக் காகிதம் சொல்வது உண்மை இல்லை, அது உங்களை உறுத்துகிறது, அந்த உறுத்தலை மழுங்கடிக்க வேண்டாம். 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில், ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்குத் தவறாமல் போகிற ஒருவர் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் இது மனசாட்சியோடு நிற்கிற விஷயமும் அல்ல. அப்பா எடுத்த முடிவை நீங்கள் எடுக்கவில்லை, உங்கள் பிள்ளைக்கு எடுக்கப் போகிற முடிவு உங்களுடையது. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடரிலிருந்து வந்த கிறிஸ்தவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு. கிடைப்பது குறைவு, போட்டி அதிகம், தெரியும். மனைவியோடு பேசுங்கள், ஒரு வக்கீலைப் பாருங்கள், நம்பிக்கையான போதகரோடு ஜெபியுங்கள். அந்தக் கமிட்டிக்காரருக்குப் பயந்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

அந்தக் கமிட்டிக்காரரும் இதை வாசிப்பார் என்று நினைக்கிறேன். ஐயா, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வரன் தேடிக் கிறிஸ்தவப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தால் அதில் சாதியைப் போடுவீர்களா? இவர் வீட்டில் பெண் எடுப்பீர்களா? நம் நாட்டில் சாதிவாரியாகக் கல்லறைத் தோட்டம் பிரித்த சபைகள் உண்டு. பட்சபாதமுள்ளவர்களாயிருந்தால் பாவஞ்செய்கிறீர்கள் என்று யாக்கோபு எழுதியது விசுவாசிகளுக்குத்தான். இவர் காகிதத்தில் இருக்கும் ஒரு வார்த்தைக்காக ராத்திரி தூக்கமில்லாமல் எனக்கு எழுதுகிறார். இன்று ராத்திரி உங்களையும் நீங்கள் இதே போலச் சோதித்துப் பாருங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

கேள்வி: கல்யாணத்துக்குப் பிறகு நான் மட்டும் இரட்சிக்கப்பட்டேன். கணவர் தடுப்பதில்லை. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் மாமியார் பொங்கல் வைக்கக் கூப்பிடுகிறார். போனால் கர்த்தருக்குத் துரோகம், போகாவிட்டால் வீட்டில் சண்டை. – வாசகி, கொண்டலாம்பட்டி

பதில்: சேலத்தில் ஆடி என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் உங்கள் கஷ்டம் புரியும், ஊரே மஞ்சளும் வேப்பிலையுமாக இருக்கும்போது ஒருத்தி மட்டும் தனியாக நிற்பது லேசு அல்ல. நான் நினைப்பதைச் சொல்கிறேன். வருகிற சொந்தக்காரர்களுக்குச் சமையுங்கள், பாத்திரம் கழுவுங்கள், வீட்டைக் கழுவிக் கோலம் போடுங்கள், மாமியாருக்கு முழங்கால் வலி என்றால் கோயில் வாசல் வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுங்கள். அம்மனுக்குப் படைப்பதும் கும்பிடுவதும் மட்டும் முடியாது என்று சொல்லுங்கள். அதை ஆடி ஒன்றாம் தேதி சொல்லாதீர்கள், இப்போதே, அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது, கெஞ்சுகிற குரலில் சொல்லுங்கள். தானியேல் பாபிலோனில் ராஜாவின் சாப்பாட்டால் தன்னைத் தீட்டுப்படுத்திக்கொள்ளக் கூடாது என்று மனதில் தீர்மானித்தார், ஆனால் தட்டைத் தள்ளிவிடவில்லை, பிரதானியிடம் வேண்டிக்கொண்டார், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று வழியும் சொன்னார்.

எலிசா தீர்க்கதரிசியின் சொல்லால் குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமானையும் மறந்துவிடாதீர்கள். குணமாகித் திரும்பும்போது அவன், என் ஆண்டவனாகிய ராஜா ரிம்மோன் என்கிற தேவனுடைய கோயிலில் என் கையின்மேல் சாய்ந்துகொண்டு பணியும்போது நானும் குனிய வேண்டிவரும், கர்த்தர் மன்னிப்பாராக என்கிறான். எலிசா அவனுக்கு நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. சமாதானத்தோடே போ என்றார். இதை வைத்து எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிடலாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் தனியாக ஒரு வீட்டில் விசுவாசத்தைக் காத்துக்கொண்டிருக்கிறவளைப் பார்த்து, பத்துக் குடும்பம் சூழச் சபையில் இருக்கிறவர்கள் "துரோகி" என்று சொல்வதற்கு முன் இந்த இடத்தை வாசிக்க வேண்டும். மீதிப் பதினொரு மாதமும் அந்த வீட்டில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் ஆடியில் நீங்கள் சொல்லும் "முடியாது" என்ற வார்த்தைக்கு எடை கொடுக்கும்.

கேள்வி: பிறந்து வளர்ந்த சபையை விட்டு வேறு சபைக்குப் போனால் விசுவாசத் துரோகமா? – வாசகர், ஓமலூர்

பதில்: இல்லை. சபை மாறுவது கிறிஸ்துவை மாற்றுவது அல்ல. ஆனால் ஏன் போகிறீர்கள் என்று உங்களிடமே பொய் சொல்லாதீர்கள். பாட்டு நன்றாக இருக்கிறது, ஏசி இருக்கிறது, கமிட்டித் தேர்தலில் தோற்றுவிட்டேன் என்றால் போக வேண்டாம். போவதென்று முடிவெடுத்தால் போதகரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு, சங்கக் கணக்கு, சாவி, பாக்கி எதுவானாலும் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: தினமும் என்னை நானே சோதிக்க எளிமையான முறை ஏதாவது சொல்லுங்கள். டைரி எழுதிப் பார்த்தேன், குற்றவுணர்வுதான் கூடுகிறது. – வாசகி, ஏற்காடு

பதில்: டைரியை மூடி வையுங்கள். எழுதுவது சிலருக்கு உதவும், உங்களுக்கு உதவவில்லை என்று தெரிகிறது. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் ஆத்தும சோதனைக்கு ஒரு வரிசை கொடுத்தார், கத்தோலிக்க வாசகர்களுக்குப் பழக்கமாக இருக்கும், அதில் முதல் படி குற்றத்தைத் தேடுவது அல்ல, நன்றி சொல்வது. அதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. இன்று கிடைத்ததற்கு நன்றி சொல்லுங்கள். அப்புறம் 139-ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்களை ஜெபமாகச் சொல்லுங்கள்: "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்." ஆராய்கிறவர் அவர். அவர் காட்டுகிற வரைக்கும் இன்றைய நாளைக் காலையிலிருந்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். யாரிடம் எப்படிப் பேசினேன், யார் பணம் என் கையில் இருந்தது, சொன்னதைச் செய்தேனா, போனில் தனியாக என்ன பார்த்தேன். ஒன்றும் தென்படவில்லை என்றால் தோண்டாதீர்கள். "என்னிடத்தில் நான் யாதொரு குற்றத்தையும் அறியேன், ஆகிலும் இதினாலே நான் நீதிமானாகிறதில்லை" என்று பவுலே எழுதிவிட்டு, நியாயம் விசாரிக்கிறவர் கர்த்தர் என்று விட்டுவிடுகிறார். பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம்.

நம் கண்ணுக்குத் தெரியாதது கூட இருக்கிறவர்களுக்குத் தெரியும். மாதத்துக்கு ஒரு தடவை கணவரிடமோ வளர்ந்த பிள்ளையிடமோ, "நான் உங்களை எங்கே கஷ்டப்படுத்துகிறேன்" என்று கேளுங்கள், கேட்டுவிட்டுப் பதில் பேசாதீர்கள். தென்பட்டது கர்த்தருக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ளது என்றால் அங்கேயே அறிக்கையிட்டுவிட்டுப் படுங்கள். இன்னொரு ஆள் சம்பந்தப்பட்டது என்றால் ஜெபத்தோடு முடிக்காதீர்கள், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னபடி, மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போங்கள். போன் பண்ணிவிட்டுப் போனால் நல்லது.